சூரிச்சிலிருந்து சொரெண்ட்டோ வரை காரில்: நடுவில் வார இறுதிக்கு எந்த ஊர்?

சூரிச்_குமரன்

அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை சூரிச்சிலிருந்து கிளம்பி, இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் சொரெண்ட்டோ போகிறோம். அங்கே எடுத்திருக்கும் வீட்டின் சாவி ஞாயிறு மாலைதான் கைக்கு வரும். மொத்தம் 1,100 கி.மீ. சொச்சம். ஒரே மூச்சில் ஓட்டுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. அதனால் வெள்ளி இரவும் சனி இரவும் வழியில் ஓரிடத்தில் தங்கி, ஊர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டம்.

வண்டியில் நான், மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி. சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், மேடு என்றால் முகம் மாறிவிடும். அம்மாவும் மனைவியும் சைவம். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார்.

வரைபடத்தில் பாதி வழி ஃபுளோரன்ஸ் பக்கம் வருகிறது. அங்கேயே இரண்டு இரவு என்பது என் எண்ணம். மனைவி பொலோனியா என்கிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லூகானோ_அண்ணை

தம்பி, வரைபடத்தில் நடுவைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கோ. சூரிச் மாநிலத்தில் இலையுதிர்கால விடுமுறை தொடங்குகிற நாள் அது. பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, சாமான் ஏற்றி மத்தியானம் 1 மணிக்கு வெளிக்கிட்டால் அரைச் சூரிச்சும் உங்களோடுதான் வரும்.

வழியில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் 16.9 கி.மீ. நீளம், 1980-இல் திறந்தது. இன்றைக்கும் ஒரே குழாய்தான்: போக ஒரு தடம், வர ஒரு தடம். இரண்டாவது குழாய்க்கு இன்னும் வேலை நடக்கிறது. விடுமுறை தொடங்குகிற நாளில் சுரங்க வாசலில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் நிற்பது வழமை. கூர் நகரத்துப் பக்கமாகச் சான் பெர்னார்டினோ பாதையைப் பிடிக்கலாம், ஆனால் அந்த யோசனை மற்றவர்களுக்கும் வரும். பிறகு கியாசோ எல்லை. அதற்குப் பிறகு மிலானின் வெளிவட்டச் சாலை, அதுவும் வெள்ளி பின்னேரம். அதைப்பற்றி நான் ஒன்றும் கதைக்க விரும்பவில்லை.

பொலோனியா 490 கி.மீ. தான். ஆனால் மத்தியானம் வெளிக்கிட்டால் இரவு 9 மணிக்கு முன் சேர்வோம் என்று நம்ப வேண்டாம். ஃபுளோரன்ஸ் என்றால் பத்தரை. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும், நீங்கள் இருட்டில் ஒரு சந்துக்குள் விடுதியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தூரதேசத்தாள்

ஃபுளோரன்ஸ் வேண்டவே வேண்டாம் குமரன். அது காரோடு போய்த் தங்குகிற ஊர் இல்லை. பழைய நகரம் முழுக்க இசட்.டி.எல், அதாவது அனுமதிச் சீட்டில்லாத வண்டி நுழையக் கூடாத பகுதி. தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ்காரர் நிற்கமாட்டார். வாசலில் ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். விடுதியைத் தேடி ஒரே மாலையில் இரண்டு வாசலைத் தாண்டினால் இரண்டு சீட்டு. விடுதி உள்ளே இருந்தால் அவர்கள் உங்கள் வண்டி எண்ணைப் பதிந்து தருவார்கள். ஆனால் அதை நீங்கள் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், தானாக நடக்காது.

பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் வில்லா கொஸ்தான்சா என்று ஓர் இடம் இருக்கிறது. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் போகிற ஏ1 நெடுஞ்சாலை மேலேயே அமைந்த கார் நிறுத்துமிடம், 2017-இல் திறந்தார்கள். சுங்கச்சாவடியைத் தாண்டி வெளியே வரவே வேண்டாம். வண்டியை விட்டுவிட்டு அங்கேயே டிராம் ஏறினால் அரை மணிக்குள் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம். ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, வண்டியை எடுத்து அதே நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு மதியத்துக்கு இது போதும். வண்டி நிறையப் பெட்டியை வைத்துக்கொண்டு செய்கிற காரியமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி ஒரு பையைக்கூட விடக் கூடாது.

தங்குவதற்கு என் ஓட்டு ரோமுக்கு வடக்கே இருக்கும் ஓர்வியேட்டோ. காரணத்தைச் சாவகாசமாக எழுதுகிறேன்.

போ_சமவெளி

ரெட்ஜியோ எமிலியாவில் வேலை பார்க்கிறேன், அதனால் பக்கத்து ஊருக்குப் பரிந்து பேசத்தான் செய்வேன். பார்மா. சூரிச்சிலிருந்து 400 கி.மீ. வெள்ளி மத்தியானம் கிளம்பினாலும் இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம். ஊர் தட்டையாக இருக்கும், கிழவர் கிழவிகள் எல்லாம் சைக்கிளில் போவார்கள். குமரனின் அம்மாவுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. வெரோனாவின் இளஞ்சிவப்புப் பளிங்கில் கட்டிய எட்டுப் பட்டை ஞானஸ்நான மண்டபம் (1196-இல் தொடங்கியது), பக்கத்திலேயே பேராலயத்தின் குவிமாடத்தில் கொர்ரெஜ்ஜோ வரைந்த ஓவியம், கொஞ்சம் தள்ளி பிலோத்தா அரண்மனைக்குள் முழுக்க மரத்தால் ஆன ஃபர்னேசே நாடக அரங்கு. எல்லாம் கால்நடைத் தூரம்.

ஆனால் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கப்போவது சீஸ் பண்ணைதான். பார்மிஜானோ ரெட்ஜானோ செய்கிற பண்ணைகள் ஊரைச் சுற்றி நிறைய. முன்பதிவு செய்தால் உள்ளே விடுவார்கள், ஆனால் காலையில் மட்டும். முந்தின மாலைப் பாலும் அன்று காலைப் பாலும் சேர்ந்து தாமிரக் கொப்பரையில் கொதி ஏறாமல் சூடாகும். கொப்பரை மணியைக் கவிழ்த்துப் புதைத்த மாதிரி தரைக்குக் கீழேயும் இறங்கியிருக்கும். திரிந்த பால் அடியில் ஒரே கட்டியாகச் சேர்ந்ததும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று மரத்துடுப்பால் அதைக் கிளப்பி, துணியில் தூளியாகக் கட்டித் தூக்குவார்கள். முழங்கை வரை ஈரம். பிறகு நீளக் கத்தியால் நடுவே ஒரு வெட்டு; ஒரு கொப்பரைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ, அதற்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் பால். 12 மாதமாவது அலமாரியில் தூங்கினால்தான் முத்திரை. அந்தக் கிடங்கில் ஒருவர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். என் அண்ணன் மகன் வீட்டுக்குத் திரும்பி வந்து கண்ணில் பட்ட தர்பூசணியை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு கிளைச் செய்தி. இந்தப் பக்கத்து மாட்டுத் தொழுவங்களில் பால் கறப்பவர்களில் பஞ்சாபிகள் நிறைய. ரெட்ஜியோவுக்கு வடக்கே நொவெல்லாராவில் அவர்கள் கட்டிய குருத்வாரா 2000-இல் திறக்கப்பட்டது. அப்போது ஐரோப்பிய ஆணையத் தலைவராக இருந்த ரொமானோ ப்ரோதி வந்து திறந்து வைத்தார். பார்மாவிலிருந்து ஒரு மணிக்குள் போகலாம். லங்கர் என்கிற அதன் இலவசச் சாப்பாட்டில் பருப்பும் ரொட்டியும் கிடைத்தால் அம்மா வாழ்த்துவார்.

தயிர்சாதம்

பார்மா புகழ் எல்லாம் சரி, முட்டை சாப்பிடாத மாமி அங்கே என்ன சாப்பிடுவார்? எமிலியா பக்கத்துக் கைப்பாஸ்தா பெரும்பாலும் முட்டை மாவு. கீரையும் ரிகோட்டாவும் வைத்த தோர்த்தெல்லி தேர்பெத்தா சைவம் மாதிரி தெரியும், ஆனால் மேல்மாவில் முட்டை. தோர்த்தா ஃப்ரித்தா என்று பூரி மாதிரி உப்பலாக ஒன்று வரும், பார்த்ததும் கை போகும். வழக்கப்படி அதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். பொலோனியாவில் இன்னும் மோசம், தோர்த்தெல்லினிக்கு உள்ளேயும் இறைச்சி, மிதக்கிற சாறும் இறைச்சிச் சாறு. கிழக்கே ரொமாஞ்யா பக்கத்தின் பியாதினா ரொட்டியிலும் பல இடங்களில் அதே கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் செய்வதும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

நம் போ_சமவெளி சொன்ன சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைபொருள்தான் சேர்ப்பார்கள், விதிப்படியே அப்படித்தான். மாமிக்கு அது தெரிந்தால் தொடுவாரா என்று வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணையில் வைத்துச் சொன்னால் அன்றைக்கெல்லாம் பட்டினிதான்.

எங்கள் வீட்டு முறை: சமையலறை உள்ள தங்குமிடம், டிக்கியில் குட்டி ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். இத்தாலியில் இரவுச் சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் ஏழு, ஏழரைக்கு முன் திறக்காது. 6 வயதுப் பிள்ளை அதுவரை தாங்காது.

போ_சமவெளி

தயிர்சாதம் அண்ணா, அந்த ஊரில் பீட்ஸாவும் உண்டு, ஞாபகம் இருக்கட்டும்.

தயிர்சாதம்

பீட்ஸா சாப்பிட பார்மா எதற்கு? அதுதான் ஞாயிற்றுக்கிழமை நேப்பிள்ஸ் பக்கம் போகிறார்களே.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் எண்களையும் பாருங்கள். பார்மாவில் இரண்டு இரவு தங்கினால் வெள்ளி 400 கி.மீ., ஞாயிறு 700. ஞாயிறு அன்று ஏழு மணி நேரத்துக்கு மேல் வண்டியில். ஓர்வியேட்டோ என்றால் வெள்ளி 740, ஞாயிறு சுமார் 360. பொலோனியா இரண்டுக்கும் நடுவில். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் நீளமாகத்தான் இருக்கும், எந்த நாளை நீட்டுவது என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கு ஒரு சாதகம் உண்டு. அக்டோபரில் ஞாயிறு காலை 9 முதல் இரவு 10 வரை இத்தாலியில் கனரக லாரிகள் ஓடக் கூடாது. ஏ1-இல் வலது தடம் காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை பியாச்சென்ஸா முதல் பொலோனியா வரை லாரிகள் சுவர் எழுப்பியது போல் நிற்கும்.

செலவு: மிலான் தொடங்கி நேப்பிள்ஸ் வரை சுங்கம் மட்டும் 50 யூரோவைத் தாண்டும். நுழையும்போது சீட்டு, இறங்கும்போது பணம். மஞ்சள் பலகை மட்டும் உள்ள தடத்தில் போகாதீர்கள், அது டெலிபாஸ் என்ற தானியங்கிச் சுங்கக் கருவி வைத்தவர்களுக்கு. பெட்ரோல் பங்கில் 'செர்வீத்தோ' பக்கம் நின்றால் ஆள் வந்து ஊற்றுவார், லிட்டருக்கு விலையும் கூடும்.

பார்மாக்காரர்களிடம் ஒரு கேள்வி. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை அங்கே வெர்தி இசைவிழா நடக்குமே, அறை வாடகை எப்படி?

போ_சமவெளி

உண்மைதான், ஏறும். அக்டோபரில் பழம்பொருள் கண்காட்சியும் வரும். நகரத்துக்குள் கிடைக்காவிட்டால் ஃபிதென்ஸாவிலோ ரெட்ஜியோவிலோ தங்கலாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் பார்மாவில் தங்குகிற சுகம் போய்விட்டது. காலையில் மறுபடி வண்டியை எடுக்க வேண்டும்.

காவிரிக்கரை

அசிசி யாருமே சொல்லவில்லையே? புனித பிரான்சிஸ் ஊர், ஜோத்தோ ஓவியங்கள், அமைதி.

தூரதேசத்தாள்

மற்ற வாரம் என்றால் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அக்டோபர் 4 பிரான்சிஸ் திருநாள். 2026 அவர் மறைந்து 800-ஆவது ஆண்டு. போதாததற்கு இந்த ஆண்டிலிருந்து அந்த நாளை இத்தாலி முழுமைக்கும் தேசிய விடுமுறையாக்கியிருக்கிறார்கள். அந்த வார இறுதியில் அசிசியில் அமைதி தேடிப் போவது தைப்பூசத்தன்று பழனியில் ஒதுக்குப்புறம் தேடுகிற மாதிரி.

காவிரிக்கரை

அரெட்சோ? அங்கே கார் நிறுத்துமிடத்திலிருந்து மேலே பேராலயம் வரை எஸ்கலேட்டர் உண்டு, அம்மாவுக்கும் சரி.

லூகானோ_அண்ணை

அரெட்சோ நல்ல ஊர், சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தில் பியேரோ தெல்லா பிரான்செஸ்காவின் சுவரோவியம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறும் அதற்கு முந்தின சனியும் பழம்பொருள் சந்தை. 3-ஆம் 4-ஆம் தேதி என்றால் சரியாக அதில்தான் போய் விழுவீர்கள். சந்தை பார்க்க விருப்பம் என்றால் போங்கோ. வாகனத் தரிப்பிடம் தேடி மூன்று சுற்று வரத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகுது. அன்றைக்கு இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள், தொல்லியல் இடங்கள் எல்லாம் இலவசம். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோம நகரமான பொம்பேயும் அதில் சேர்த்தி, கூட்டம் தாங்காது. போகிற வழியில் பொம்பே பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

சூரிச்_குமரன்

ஃபுளோரன்ஸை விட்டுவிட்டேன். மனைவி பொலோனியாவை விடவில்லை. மழை வந்தால்கூட நனையாமல் நடக்கலாம் என்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது அல்லவா?

போ_சமவெளி

நியாயம்தான். அங்கே தெருவோரத் தாழ்வாரங்களை எல்லாம் சேர்த்தால் 62 கி.மீ., 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். சான் லூக்கா குன்று வரை மட்டும் 666 வளைவுகள். பல்கலைக்கழக ஊர், சனி இரவு பிள்ளைகளோடு வெளியே நின்றாலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். சனி ஞாயிறில் நடுத்தெருக்களை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், நடுரோட்டில் நடக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இசட்.டி.எல் அங்கேயும் பெரியது. டிராம் பாதை வேலைக்காக ஊரைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரட்டைக் கோபுரத்தில் சின்னதான கரிசெந்தா சாய்வு கூடியதால் 2023 இறுதியில் சுற்றி வேலி போட்டார்கள், அதோடு பெரிய கோபுரம் ஏறுவதும் நின்றது. பிள்ளைகள் அதற்காகத்தான் கேட்பார்கள்.

தூரதேசத்தாள்

இப்போது ஓர்வியேட்டோ. ரோமில் இருந்த காலத்தில் எங்களுக்கு அதுதான் வார இறுதி ஊர், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஏ1-இல் வரும்போதே தெரியும்: சமவெளியில் செங்குத்தாக நிற்கும் எரிமலைக் கல் பாறை, அதன் தட்டையான தலையில் ஊர். மேடு என்று அம்மா பயப்பட வேண்டாம், ஏற வேண்டியது மனிதர்கள் இல்லை. பாறையின் மேற்கு அடிவாரத்தில் காம்போ தெல்லா ஃபியெரா என்ற கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து லிஃப்டும் எஸ்கலேட்டரும் பாறைக்குள்ளேயே குடைந்து ஊருக்குள் கொண்டுவிடும். கிழக்குப் பக்கம் ரயில் நிலையத்திலிருந்து இழுவை ரயில். 1888-இல் தண்ணீர் எடையால் ஓடியது, நின்றுபோய் 1990-இல் மின்சாரத்தில் மறுபடி தொடங்கியது. மேலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் ஒன்றரை கி.மீ. இருக்கும். அங்கங்கே லேசான ஏற்றம் உண்டு, அதற்குச் சின்னப் பேருந்து ஓடுகிறது. காரை வெள்ளி மாலை கீழே விட்டால் ஞாயிறுவரை தொட வேண்டாம். எனக்கு ஒரு தங்கல் ஊரில் வேண்டியது இதுதான். ஓட்டுகிறவருக்கும் அது விடுமுறையாக இருக்க வேண்டும் அல்லவா?

பேராலயம் 1290-இல் தொடங்கியது. பக்கச் சுவர்கள் கறுப்பு வெள்ளைப் பட்டை, முகப்பில் தங்க மொசைக், மாலை வெயில் நேராக அதன் மேல்தான் விழும். உள்ளே வலப்பக்கம் சான் பிரித்ஸியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த உலக முடிவுக் காட்சிகள். பச்சையும் ஊதாவுமாகப் பிசாசுகள் ஆட்களைத் தூக்கிக்கொண்டு பறக்கும். 11 வயதுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும், 6 வயதுக்காரரை இரவில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் இங்கே தப்பி வந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோவை வைத்து வெட்டச் சொன்ன கிணறு, 1537-இல் முடிந்தது, அதற்குள் அந்தப் போப்பே இல்லை. ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழம். சுற்றிலும் இரண்டு சுழல் படிப்பாதைகள், ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு இறங்கும். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும், நடுவில் முட்டிக்கொள்ளாது. கழுதைக்காகச் செய்ததால் படிகள் அகலமும் தாழ்வும். 248 படிகள், வெளிச்சத்துக்கு உட்சுவரில் 70 ஜன்னல்கள். ஒருவர் முன்னே போனால் எதிர் ஜன்னலில் அவர் தலை தெரியும், கூப்பிட்டால் குரல் வேறெங்கோ இருந்து வரும். பிள்ளைகள் இதில் பொழுதுபோவது தெரியாமல் இருப்பார்கள். அம்மா இறங்க வேண்டாம். மேலே கோட்டைத் தோட்டத்தில் நிழலான பெஞ்சும் பள்ளத்தாக்குக் காட்சியும் இருக்கிறது.

தயிர்சாதம் அண்ணாவுக்கு ஒரு நற்செய்தி: ஓர்வியேட்டோ பாஸ்தாவின் பெயர் உம்ப்ரிகெல்லி. தண்ணீரும் மாவும் மட்டும் பிசைந்து கையால் உருட்டுகிற தடிச் சேமியா, வழக்கப்படி முட்டை கிடையாது. தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட குழம்போடு கேளுங்கள், மேலே சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிமாறுபவரிடம் ஒருமுறை முட்டை இல்லையே என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

தயிர்சாதம்

மாமி கட்சியின் ஓட்டு ஓர்வியேட்டோவுக்கு. ரைஸ் குக்கரும் போகட்டும், எதற்கும்.

போ_சமவெளி

கிணறு, பிசாசு எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மத்தியானம் 1 மணிக்குக் கிளம்பி 740 கி.மீ. ஓட்டினால் நள்ளிரவில்தான் பாறைக்குப் போவார்கள். அப்போது எஸ்கலேட்டர் ஓடாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவைப் படியேறச் சொல்லப் போகிறீர்களா? வெள்ளி இரவு ஃபிதென்ஸாவில் தூங்கி, சனி காலை சீஸ் பண்ணை பார்த்து, மாலை ஓர்வியேட்டோ போகட்டும். இரண்டு கட்சிக்கும் பாதி பாதி.

தூரதேசத்தாள்

இரண்டு இரவு, இரண்டு ஊர், இரண்டு முறை பெட்டி கட்டுவது. சனிக்கிழமை முழுக்க ரோட்டில் போய்விடும். தங்கியதாகவே இருக்காது.

விண்டர்தூர்_அம்மா

எல்லோரும் மத்தியானம் 1 மணியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சூரிச் மாநிலத்தில் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு ஜோக்கர் நாள் உண்டு, காரணம் சொல்லாமல் லீவு எடுக்கலாம். வெள்ளிக்கிழமையை ஜோக்கராக்கிவிடுங்கள் குமரன். விடுமுறைக்கு முந்தின நாளில் எடுக்க உங்கள் பள்ளியில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஏழு மணிக்குக் கோட்ஹார்ட், பிள்ளைகள் தூக்கத்திலேயே தாண்டிவிடுவார்கள். ஒன்பதரை போல மிலான் வட்டச் சாலை, அதற்குள் அலுவலகக் கூட்டம் அடங்கியிருக்கும். பத்தரைக்கு ஃபியொரென்ஸுவோலா. ஏ1-க்குக் குறுக்கே பாலம் மாதிரி கட்டிய உணவகம், 1959-இல் திறந்தது, இத்தாலியில் இந்த மாதிரிப் பாலத்து ஆட்டோகிரில் முதலில் வந்தது அங்கேதான். காலுக்குக் கீழே லாரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். பொலோனியா தாண்டி மதியச் சாப்பாடு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. நாலரைக்கு ஓர்வியேட்டோ. அந்த நாளில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

லூகானோ_அண்ணை

இது கெட்டித்தனம். நான் ஆட்சேபிக்கவில்லை, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதென்றால். பொலோனியாவுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவில் மலையில் பாதை இரண்டாகப் பிரியும், பலகையில் 'திரெத்திஸ்ஸிமா', 'பனோராமிக்கா' என்று இருக்கும். முதலாவதில் போங்கோ, 2015-இல் திறந்த புதிய வழி, நேராகச் சுரங்கங்களுக்குள் போகும். மற்றது பழைய வளைவுப் பாதை, பின்னால் இருக்கிற பிள்ளைக்கு வாந்தி வரும். அதிகபட்ச வேகம் 130, மழை பெய்தால் 110. சில பகுதிகளில் இரண்டு இடத்துக்கு நடுவே சராசரி வேகத்தை அளப்பார்கள், கேமராவைக் கண்டதும் பிரேக் பிடிக்கிற வேலை பலிக்காது.

போ_சமவெளி

சரி, தோற்றேன். ஆனால் திரும்பி வரும்போது பார்மாவில் ஓர் இரவு. ஞாயிறு மாலை சேர்ந்து திங்கள் காலை பண்ணை பார்க்கலாம், மாடு திங்கட்கிழமையும் பால் கறக்கும். போகும்போது ஃபுளோரன்ஸ் வடக்கு வெளிவழிக்கு அருகில் கண்ணில் படுகிற கூடார வடிவத் தேவாலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கட்டடக் கலைஞர் மிக்கெலுச்சி வடிவமைத்தது. இந்த நெடுஞ்சாலையைப் போடும்போது இறந்த தொழிலாளிகள் நினைவாக 1964-இல் எழுப்பினார்கள்.

சூரிச்_குமரன்

ஜோக்கர் நாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், ஒத்துக்கொண்டார்கள். ஓர்வியேட்டோவில் பேராலயத்துக்குப் பின்தெருவில் சமையலறையோடு ஒரு வீடு, இரண்டு இரவு பதிவு செய்தாயிற்று. பொலோனியா போய்விட்டதே என்று மனைவி கொஞ்சம் முறைப்பாக இருக்கிறாள், திரும்பும் வழிக்கு ஒத்திவைத்திருக்கிறோம். பார்மாவா பொலோனியாவா என்று அப்போது அடுத்த சண்டை.

தூரதேசத்தாள் அக்கா, இரண்டு கேள்வி. பெட்டிகளை இறக்க வீட்டு வாசல் வரை காரில் போகலாமா? சனிக்கிழமையை எப்படிப் பிரிப்பது?

தூரதேசத்தாள்

வாசல் வரை போக வேண்டாம், அங்கேயும் இசட்.டி.எல் உண்டு. வீட்டுக்காரரிடம் இன்றே எழுதிக் கேளுங்கள். வண்டி எண்ணைப் பதிந்து தருகிறேன், இந்த நேரத்துக்குள் வந்து இறக்கிவிட்டுப் போ என்று அவர் எழுத்தில் சொன்னால் மட்டும் நுழையுங்கள். இல்லாவிட்டால் கீழே நிறுத்தி, இரண்டு இரவுக்கு வேண்டியதை ஒரு பெட்டியில் தனியாகக் கட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிடுங்கள். சொரெண்ட்டோ சாமானெல்லாம் டிக்கியிலேயே மூடிக் கிடக்கட்டும். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், தங்குபவர்கள் விவரத்தை அவர்கள் போலீசுக்குப் பதிந்தாக வேண்டும். ஊர் வரி தனி, சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி காலை பியாட்சா தெல் பொப்போலோவில் சந்தை. காய், பழம், தேன் எல்லாம் கிடைக்கும், அம்மா அங்கே ஒரு மணி நேரம் நிற்பார். அதே காலையில் நீங்கள் பிள்ளைகளோடு கிணற்றுக்குப் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் சேரும். பேராலயத்தைச் சனி பிற்பகலில் பார்த்து முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை பூசை, சுற்றுலாக்காரர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள், அப்போது நீங்கள் ரோட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் சிவிதா தி பஞ்ஞோரெஜ்ஜோ என்று பாலத்தில் நடந்து போகிற ஊர் ஒன்றை எல்லோரும் சொல்வார்கள். பாலம் செங்குத்தாக ஏறும், அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். ரோமுக்குள் போகாமல் ஃபியானோவிலிருந்து சான் செசாரெயோ வரை ஏ1-இன் சுற்றுவழி உண்டு, நேப்பிள்ஸ் என்று போட்ட பலகையை விடாமல் பிடியுங்கள். காஸ்தெல்லம்மாரே தாண்டிச் சொரெண்ட்டோ போகிற மலைச்சாலையில் ஞாயிறு மாலை நெரிசல் பெரும்பாலும் நேப்பிள்ஸ் நோக்கித் திரும்புகிறவர்களுடையது, நீங்கள் எதிர்த்திசை. பெட்ரோலை மட்டும் ஓர்வியேட்டோ அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள், நெடுஞ்சாலை பங்கில் விலை அதிகம்.